மாப்பிள்ளை விசாரிக்கப் போன ஊர்

ஐம்பத்தாறு வயதில் நான் மாப்பிள்ளை விசாரிக்கப் போனேன். மகளுக்கு மாப்பிள்ளை இல்லை, எனக்குத்தான்.

எங்கள் ஆட்களிடம் இது பழைய வழக்கம். கலியாணம் பேச்சுக்கு வந்தால் பெண் வீட்டிலிருந்து ஒருவர் சத்தம் போடாமல் மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார். சந்திக் கடையில் ஒரு சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு, வேறேதோ அலுவலாக வந்தவர் மாதிரி, "இன்னாற்ற மகன் எப்பிடி?" என்று கேட்பார். என் அப்பாவும் அப்படித்தான் போய்க் கேட்டார். கேட்ட அத்தனை பேரும் "தங்கமான பொடியன்" என்றார்கள். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்து வைக்கலாம் என்று வளர்ந்த சனம். கலியாணத்தைக் குழப்பிய பாவத்தை யார் தலையில் ஏற்றுவார்கள்? அந்தத் தங்கம் கலியாணம் முடிந்த மாதமே எனக்குக் கை நீட்டியது. லண்டன் வந்த பிறகும் அந்தக் கை ஓயவில்லை. அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை ஃப்ளாட்டில், வாசல் திறக்கிற சத்தத்துக்குப் பயப்படாமல் தேத்தண்ணி குடிக்கப் பழகினேன்.

அதனால் புதிதாக ஒருவர் வந்து "என்னைக் கட்டுவீங்களோ?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. இவர் அடிப்பாரா என்ற ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

அவரை வெம்பிளியில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்தவர், நான் தொடாமல் வைத்த வடையைக் காட்டி, "அது உங்களுக்கு வேணுமோ?" என்று கேட்டு எடுத்துச் சாப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். இளமையில் ஜெர்மனிக்குப் போய்ப் பிரிட்ஜ், ஏசி திருத்தும் தொழில் படித்தவர். முதல் கலியாணம் அங்கேயே முறிந்துவிட்டது. பிறகு அமெரிக்காவில் தமக்கை இருந்த பக்கம் போய், பாலைவனத்தின் நடுவில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் தங்கிவிட்டார். ஒரு வருசம் போனில் கதைத்தோம். போனில் நல்லவராகத்தான் இருந்தார். போனில் யார்தான் கெட்டவன்?

மகள் இல்ஃபோர்டில் இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம். "அம்மா, ஹீ இஸ் ஸ்வீட். ஜஸ்ட் கோ," என்றாள். சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரையைக் காட்டி ஜஸ்ட் கோ என்பது எந்த ஊர் நியாயம்? அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. விசாரிக்க ஆள் அனுப்ப வழியில்லை. அனுப்பினாலும் நம்பப் போவதில்லை. எனவே சனிக்கிழமை வருகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, புதன்கிழமையே போய் இறங்கினேன்.

விமான நிலையத்திலிருந்து வேன் போன வழியெல்லாம் மண்ணிற மலைகளும் முள்ளுப் பற்றைகளும்தான். ஓர் ஆட்டைக்கூடக் காணவில்லை. பிறகு திடீரென்று ஓர் இறக்கத்தில் பச்சையாய் ஓர் ஆறு. "வீட்டுக்கு முன்னால ஆறு ஓடுது" என்று அவர் சொன்னதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆறு இருந்ததைக் கண்டதும் நிம்மதி வரவேண்டும், எனக்கோ ஆற்றின் மேலேயே சந்தேகம் வந்தது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் கட்டாந்தரை. இந்தத் தண்ணீர் யாரைக் கேட்டு இங்கே ஓடுகிறது? மேலே உள்ள அணையின் அடியிலிருந்து வருவதால் கோடையிலும் தண்ணீர் கையை விறைக்க வைக்கும் என்று வேன்காரர் சொன்னார். இறங்கினால் காற்றோ அடுப்படிக் காற்று. வேனின் கதவுப் பிடியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன்.

ஒரே தெருவில் ஊர் முழுவதும் அடங்கிவிட்டது. பெற்றோல் நிலையம், பேக்கரி, சலவைக் கடை, தூண்டில் விற்கும் கடை, மூன்று மோட்டல்கள். பகலில் வெளியில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. கார்க்காரர்கள் கையுறை போட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். மாறுவேசம் என்று நினைத்து ஜீன்ஸும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். ஆனால் வெயிலுக்குக் குடையில்லாமல் என்னால் நடக்க ஏலாது. உச்சி வெயிலில் பூப்போட்ட குடையோடு அந்தத் தெருவில் நடந்த ஒரே சீவன் நான்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் கதை தயாராக இருந்தது. கனடாவிலிருந்து வந்திருக்கிறேன், மோட்டல் அறையில் ஏசி சரியில்லை, இங்கே ஓர் ஏசிக்காரர் இருக்கிறாராமே, ஆள் எப்படி?

முதலில் பேக்கரிக்காரியைக் கேட்டேன். பருத்த பெண்மணி, கைகளெல்லாம் மா. "வேலை சுத்தம். ஆனால் கோபக்காரன்," என்றாள்.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். "என்ன மாதிரிக் கோபம்?"

"ஒரு கிழவியின் வீட்டு ஏசியைத் திருத்த வீட்டுச் சொந்தக்காரன் சம்மதிக்கவில்லை என்று ஸ்பானரை ஆற்றுக்குள் எறிந்தவன். பிறகு அதற்குள் இறங்கித் தேடினவன்."

சலவைக் கடையில் ஒரு மெலிந்த பெண் இருந்தாள். "கஞ்சன். ஒரு தேயிலைப் பையில் மூன்று கோப்பை ஊற்றுவான்," என்றாள். அது பரவாயில்லை, எங்கள் வீட்டிலும் நடப்பதுதான். தூண்டில் கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கே வந்த புதிதில் நன்றாகக் குடித்தான். இப்போது விட்டுவிட்டான். நான் பார்த்த மட்டும்," என்றார்.

நான் நடுத்தெருவில் குடையோடு நின்றேன். இது என்ன ஊர்? கேட்டவுடன் கெட்டதைச் சொல்கிறார்கள், அதுவும் முன்பின் தெரியாத ஒருத்திக்கு, சிரித்த முகத்தோடு. எங்கள் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றிக் கெட்டது வந்தால் அது மொட்டைக்கடிதமாகத்தான் வரும். பெயர் போடாமல், கையெழுத்தை மாற்றி, கலியாணத்துக்கு முதல் கிழமை பார்த்துப் போடுவார்கள். யாரோ இவருக்கு எதிராக ஊரையே கிளப்பி விட்டிருக்கிறார்களோ? இல்லை, நெருப்பில்லாமல் புகையாது என்று இதை எடுப்பதா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. கோபம், குடி. என் முதல் மனிசனும் இந்த இரண்டில்தான் தொடங்கினார்.

அடுத்த நாள் மறுபடி பேக்கரிக்குப் போனேன். சுற்றி வளைக்கப் பொறுமை இல்லை. "அந்த ஏசிக்காரர் மனைவியை அடித்தவரா?" என்று நேரே கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது. அந்தப் பெண் இந்த ஊரில் இருந்ததில்லை. தெரியாததை நான் எப்படிச் சொல்வது?"

தெரியாது என்ற வார்த்தையை விசாரிக்கப் போன இடத்தில் அப்பா ஒருமுறை கேட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த இடத்தில் எனக்கு அவள் மேல் ஒரு மரியாதை வந்தது. வந்த கையோடு அவளே அதைக் கெடுத்தாள். நான் வாங்கின பாண் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, "லண்டனில் இப்போது மழையா?" என்று கேட்டாள்.

நான் கனடா என்றல்லவா சொல்லியிருந்தேன்? பாணை வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடி வந்து கதவைப் பூட்டினேன். இந்த ஊர் முழுக்க என்னைத் தெரியும். யார் சொன்னது? ஏன் சொன்னது? சூட்கேசை அடுக்கத் தொடங்கிவிட்டேன். பாதி அடுக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் அவர் நின்றார். ஒரு கையில் ஸ்பானரும் குறடும் போட்ட ஆயுதப் பை, மற்றக் கையில் தொப்பி.

"ஏசி வேலை செய்யேல்லை எண்டு கம்ப்ளெயின்ட் வந்தது," என்றார்.

ஊரெல்லாம் ஏசி சரியில்லை என்று நான் சொல்லித் திரிந்தால் மோட்டல்காரர் சும்மா இருப்பாரா? மனுசன் பயந்துபோய் ஊரில் உள்ள ஒரே ஏசிக்காரரை அனுப்பிவிட்டார். ஏசி என் தலைக்கு மேலே நன்றாகக் குளிரடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார், கட்டிலில் கிடந்த சூட்கேசையும் பார்த்தார்.

"சனிக்கிழமை வாறன் எண்டனீங்கள்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேற்று. குடையோட ஒரு மனிசி நடந்து போறா எண்டு நாலு பேர் போன் எடுத்தவை." அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் விசாரிக்காமல் வரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். எங்கட ஆக்கள்தானே. லண்டனில இருந்து ஒரு தமிழ் மனிசி வந்து என்னைப் பற்றிக் கேட்டா, ஒண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சனான்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "கெட்டதைச் சொல்ல வைச்சு நல்ல பேர் வாங்கிற கெட்டித்தனமோ?"

"அப்பிடியும் நினைக்கலாம்," என்றார். "ஆத்தங்கரைக்கு வாங்கோ. அங்க ஆக்கள் இருக்கினம். பயமெண்டா கதைச்சிட்டு உங்கட பாட்டுக்குப் போகலாம்."

ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதால் போனேன். கரையில் நிழல் போட்ட மரப்பலகை மேடை. பக்கத்தில் ஒரு குடும்பம் படகை இறக்கிக்கொண்டிருந்தது. நான் மேடையின் மறு முனையில், கை எட்டாத தூரம் பார்த்து உட்கார்ந்தேன்.

"முதல் மனிசிக்குக் கை நீட்டினனீங்களோ?"

"இல்லை. ஆனால் கோவம் வந்தா மாசக்கணக்கில கதைக்கமாட்டன். அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பன் எண்டு அவ சொன்னவ. அவவின்ர நம்பர் தாறன், நீங்களே கேளுங்கோ."

நம்பரை வாங்கி என் போனில் போட்டேன். பிறகு கேட்டேன், "ஏன் எல்லாரிட்டையும் உண்மையைச் சொல்லச் சொன்னனீங்கள்? ஆர் உப்பிடிச் செய்யிறது?"

அவர் கையில் இருந்த தொப்பியைப் பலகையில் வைத்தார்.

"எனக்கு இருவத்திரண்டு வயசு. சந்தியில சைக்கிள் கடையில வேலை. ஒரு ஐயா பொம்பிளைப் பக்கத்தால வந்து, என்ர சிநேகிதனைப் பற்றிக் கேட்டார். அவன் தாய்க்கே அடிக்கிறவன். என்ர கண்ணால கண்டனான். 'தங்கமான பொடியன் ஐயா' எண்டு சொல்லிட்டன். அந்த மனுசன் என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக் கும்பிட்டிட்டுப் போனார்."

"அந்தப் பெட்டை?"

"டொரொன்டோவில. ஒரு காது கேக்காது. அவன் அடிச்சது. நான் போய், நான்தான் அப்பிடிச் சொன்னனான் எண்டு சொன்னன். கதவைச் சாத்திப்போட்டா."

அப்பா அப்படிக் கைபிடித்துக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவன் கூட என் வாசலுக்கு வந்ததில்லை. வந்து ஒரு நாளாவது சொல்வான் என்று நான் முப்பது வருசம் பார்த்திருந்தேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்த மனுசன் வேறு ஒருத்தியின் வாசலுக்குப் போயிருக்கிறான். எனக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். எழும்பிப் போய் அவரை ஆற்றுக்குள் தள்ளவேண்டும் போல இருந்தது.

"நான் எண்டா சாத்தியிருக்கமாட்டன்," என்றேன். "உள்ள கூப்பிட்டு இருத்தி, நடந்த எல்லாத்தையும் கேக்க வைச்சிருப்பன்."

"சொல்லுங்கோ," என்றார். "நான் இருக்கிறன்."

சொன்னேன். மகளுக்கும் சொல்லாததைச் சொன்னேன். முதல் அடி எதற்கு விழுந்தது, எந்தக் கையால் விழுந்தது, ஆஸ்பத்திரியில் படியில் விழுந்துவிட்டேன் என்று எத்தனை விதமாகப் பொய் சொன்னேன், பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சனம் டிவிச் சத்தத்தை எப்படிக் கூட்டி வைத்தது, எல்லாம். இடையில் குரல் உடைந்து கத்தினேன். படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை, பாவம் என்று சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவுக்குப் பொய் சொன்ன அத்தனை பேருக்கும் பதிலாக இருந்து கேட்டார். சொல்லி முடிய வெயில் இறங்கிவிட்டது. எனக்கு அகோரப் பசி.

லண்டனில் அப்போது சாமம், நித்திரை கொள்ளாமல் இருந்த மகள் போன் எடுத்தாள். "அம்மா, எப்பிடி? ஓகேயா ஆள்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் எழும்பிக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார், நான் சொல்லப்போவது காதில் விழக்கூடாது என்று.

"இன்னும் விசாரிச்சு முடியேல்லை," என்றேன். "திரும்பி வாற ரிக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போடு பிள்ளை."