சித்தப்பா அடிக்காத அடி

சின்னம்மாவின் இரண்டு கன்னங்களிலும் அறைந்ததுபோல் படர்ந்திருந்த அந்தச் சிவப்பை என்னால் மறக்க முடியவில்லை. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி, மன்னார் நறுவிலிக்குளத்தில் அடுத்தடுத்த தகரக் கொட்டில்களில் நாங்கள் குடியிருந்த காலம். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. வெயிலில் போய்வந்தால் சிவப்பு இன்னும் ஏறும். ஊருக்கு அவ்வளவு போதும், சித்தப்பா அடிக்கிறார் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கோழி உள்ளே வந்தால்கூட "போம்மா" என்று கெஞ்சுகிற மனிதர் என் சித்தப்பா!

அது லூபஸ் என்று மன்னாரில் டொக்டர் சொல்லியிருந்தார். நம்மைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் மாறி நம் உடம்பைத் தாக்குமாம். தொற்றாது, முற்றாகச் சுகமாகாது, மருந்தோடு வாழலாம், வெயில் கூடாது. காலையில் வீங்கிக் கிடக்கும் விரல்களால்தான் சின்னம்மா இடியப்பம் பிழிந்து விற்றார். விட்டுப்போன வயல் இன்னும் கைக்கு வரவில்லை, வீடு இடியப்பத்தில்தான் ஓடியது. அதனால் சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"ஊர் அப்பிடியே நினைக்கட்டும். அடி எண்டால் இரங்குவினம். நோய் வருத்தம் எண்டால் உன்ரை கையாலை ஆர் வாங்கித் தின்னுவினம்?"

இப்படியொரு அன்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. இப்படியொரு மடத்தனத்தையும்தான்.

ஒருநாள் பொதுநோக்கு மண்டபத்தில் பெண்களுக்குக் கூட்டம். மனைவியை அடிக்கும் ஆண்களைப் பற்றிப் பேச ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவர் பேசப் பேச எல்லாத் தலைகளும் சின்னம்மா பக்கம் திரும்பின. பிறகு, வெளியே சைக்கிளோடு காத்துநின்ற சித்தப்பா பக்கம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ அக்கா" என்றார் வந்தவர்.

சின்னம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"இந்த மனிசன் ஒருநாளும் எனக்குக் கை நீட்டினதில்லை. என்ரை உடம்புதான் என்னை அடிக்குது. இது வருத்தம். ஒருத்தருக்கும் தொத்தாது. குளிசை போட்டு நானும் திருப்பி அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஒருத்தரும் எனக்கு இரங்க வேண்டாம். நாளைக்கு இடியப்பம் வாங்க வாங்கோ."

மறுநாள் ஒருவரும் வரவில்லை. இரண்டு வீட்டுக்காரரும் பொழுதுபடும்வரை இடியப்பமே தின்றோம். எனக்கு ஊர்மேல் வந்த கோபம் இன்றும் முழுதாக அடங்கவில்லை. காலம் போக ஒவ்வொருவராக வந்தார்கள், எல்லோரும் அல்ல. வருத்தமும் போகவில்லை. குளிசையும் குடையுமாக, முடியாத நாளில் படுத்தும் முடிந்த நாளில் பிழிந்தும், இப்போதும் சின்னம்மாதான் அந்த வீட்டை நடத்துகிறார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஒருவரும் வராத அந்த நாளுக்கு அடுத்த விடியல்தான் முதலில் நினைவில் வரும். அதே அளவு மாவைக் கொட்டி, வீங்கிய கையால் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேர், ஆருக்கு இவ்வளவும்?" என்று கேட்டார் சித்தப்பா.

"வாறவைக்கு."

"வராட்டி?"

சின்னம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வராட்டி, பசி அவைக்குத்தான்."