தொழில் என்ற கட்டம்

வேலூர் ஆஸ்பத்திரியில் நான் பதிவுச் சீட்டு எழுதும்போது அவர் வந்தார். ஒல்லியான மனிதர். நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்தபடியே நின்றார். தொழில் என்ற கட்டத்தில், வழக்கம்போல் கேட்காமலே 'கூலி' என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தவர், "அத்த அடிச்சுடும்மா" என்றார். "நகைப்பட்டறைச் சாக்கடை மண்ணுல பாதரசம் ஊத்தி, அடுப்புல சுட்டுத் தங்கம் எடுக்கறவன்னு எழுது. அந்தப் பொகைலதான் கை ஆடுது. கூலின்னு போட்டா, வயசாயிடுச்சுன்னு டாக்டர் அனுப்பிடுவாரு. எங்க தெருவுல இருவது வயசுப் பையனுக்கும் ஆடுதே, அவனுக்கு இன்னா வயசாயிடுச்சு?"

"இடம் பத்தாதுங்களே."

"பின்பக்கம் காலியாதானே கீது?"

எழுதினேன். கைநாட்டு மையை அவர் பக்கம் நகர்த்தினேன். அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிக் கோணலாக ஓடியது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை அவர் பேனாவை விடவில்லை.