எண்ணெய்த் தலையோடு வந்தவள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபமில்லை. ஆனால் இது நடந்தது. செங்கல்பட்டு பஜாரில், ஐம்பத்து நாலாம் வருஷம் மார்கழியில், பட்டப்பகலில் நடந்தது.

ஜவுளிக்கடை பஷீருதீன் பாய்க்கு ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீடு. குடியிருந்தவர் கோயில் கைங்கரியம் செய்கிற வேதாந்தம். மனைவி பெயர் காமு. குளியலறையில் செப்பு பாய்லர் ஒன்று இருந்தது, கரி போட்டு வெந்நீர் காய்ச்சுவது. பாயின் வாப்பா காலத்துச் சாமான். புகைக்குழாய் ஓட்டை விழுந்து, புகை அறைக்குள்ளேயே சுற்றுகிறது என்று வேதாந்தம் இரண்டு தரம் இழுத்து இழுத்துச் சொன்னார். உடனே, பரவாயில்லை, இன்னும் ஓடுகிறது என்றும் அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரரைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம்! பாயோ, அவர்கள் மடி ஆசாரத்துக்கு மரியாதை கொடுத்து, வாசலை ஒட்டிய ரேழியைத் தாண்டியதே இல்லை. பாய்லரைக் கண்ணால் பார்க்காமலே, இந்தக் குளிர் போகட்டும், அடுத்த மார்கழிக்குள் மாற்றலாம் என்று மூன்று மார்கழியைத் தள்ளிவிட்டார். நல்ல மரியாதை, போங்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி. பாய் வாடிக்கைக்காரி செங்கம்மாளுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கரிப்புகை நாற்றம். நிமிர்ந்தார்.

கடைப் படியில் காமு.

குடிவந்த பதினோரு வருஷத்தில் கடைப்பக்கமே வராதவள். தலை விரிந்து எண்ணெய் வழிந்தது. நெற்றியில் சீயக்காய் அப்பியிருந்தது. கன்னம் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன...

"பாய், பாய்லர்... இப்பவே வாங்கோ."

பாய் புடவையைக் கீழே வைத்தார். "ஜும்மா முடிச்சுகினு வந்துர்றேம்மா. இன்னிக்கே புதுசு மாத்திர்றேன்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"யார்கிட்ட பேசிகினு கீற, பாய்?" என்றாள் செங்கம்மாள்.

படி காலி. ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

மனுஷன் உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வேதாந்தம் கோயிலில் இருக்கிற நேரம், ஆண் துணை இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று தயங்கினார். மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போனார். தொழுகையில் மனம் நிற்கவில்லை. முடிந்ததும் பாத்திரக்கடையில் புது பாய்லரை வாங்கி ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு விரட்டினார்.

வேதாந்தம் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை, எண்ணெய் ஸ்நானம்... கூப்பிட்டுண்டே இருக்கேன் பாய். பதிலே இல்லை."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

பாய் முதல் தடவையாக ரேழியைத் தாண்டினார். கதவைத் தோளால் இடித்தார்.

தடார்... தடார்...

கதவு விழுந்தது.

அதே கரிப்புகை நாற்றம். ஜன்னலில் குளிருக்கு அடைத்த சாக்கு. தரையில் காமு.

அதே எண்ணெய்த் தலை. அதே சீயக்காய். அதே சிவந்த கன்னம்.

தொட்டார். சில்லிட்டிருந்தது.

செத்தவள்தான் ஆவியாய் வந்து கூப்பிட்டாள் என்று ஊர் பேசியது. பாயும் அதை நம்பினார். நம்பினால் கொஞ்சம் தூக்கமாவது வந்தது. ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்தவளை யார் காப்பாற்ற முடியும்?

பிறகு டாக்டர் சொன்னார். கரிப்புகையின் விஷம்தான், கன்னச் சிவப்பே அதற்குச் சாட்சி. மயங்கி விழுந்தது ஒன்பது மணிவாக்கில் இருக்கலாம். உயிர் போனது பதினொன்றுக்கு மேலேதான். அதற்குள் யாராவது கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

அப்படியென்றால்...

கடைப் படியில் வந்து நின்றபோது காமு உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.