டீ ஆறாத வழி

விடிந்தும் விடியாத வேளையில், கணவருடைய பெரிய ரப்பர் செருப்புகளை மாட்டிக்கொண்டு, புல்வெளியின் குறுக்கே தொம் தொம்மென்று மிதித்து நடக்கிறார் அக்கா. சமையலறை வாசலிலிருந்து பின்கட்டு அலுவலகம் வரைக்கும் போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார். ஊர்ப் பூங்காக்களில் பாதிக்கு மேல் இவர் வரைந்தவை. புல்லில் கால் வைத்தவனைக் கடித்துக் குதறிவிடுவார் என்று பேரெடுத்தவர். பக்கத்து வீடான என் வீட்டு மாடியிலிருந்து முதல் நாள் இதைப் பார்த்தபோது, இன்னும் கனவுதான் கலையவில்லை என்று போய்ப் படுத்துவிட்டேன்.

தோட்டங்களை வரைவது அவர் தொழில். எந்த மரம் எங்கே நிற்பது, நடப்பவர் எங்கே திரும்புவது, திரும்பியதும் கண்ணில் என்ன படுவது என்று காகிதத்திலேயே முடிவு செய்துவிடுவார். படத்தை விரித்து, கண்ணை மூடி, இரண்டு விரல்களைக் கால்களாக்கி அதன்மேல் நடக்கவிடுவார். விரல்கள் ஓரிடத்தில் நின்றால், "இங்க மூச்சு வாங்குது, ஒரு பெஞ்சு போடணும்" என்பார். காலி மனையைச் சுற்றிப் பார்க்கும்போது திடீரென்று குனிந்து நகர்வார். "கிளை தட்டுது தம்பி." அங்கே ஒரு செடிகூட இருக்காது. மரத்தை இனிமேல்தான் நடப்போகிறார்.

முன்னால் பழைய ஓட்டு வீடு. பின்னால் ஒரு காலத்தில் வண்டிக் கொட்டகையாக இருந்த அலுவலகம். நடுவே புல்வெளி, அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கல் பாதை. "அடுப்புல என்ன வச்சோம், யாரு என்ன சொன்னாங்க, எல்லாம் அந்த வளைவுல கழண்டு விழுந்துடணும். அதுக்குத்தான் வளைச்சேன்" என்பார் அக்கா. சும்மா சொல்லக்கூடாது, இலை நிழலும் தண்ணீர்ச் சத்தமுமாக அந்த வழியில் போனால் ஒரு மயக்கம் வரத்தான் செய்கிறது. இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், எதற்கு வந்தோம் என்பதே மறந்து, அரட்டை அடித்துவிட்டுக் குடையோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

அந்த மயக்கம் கணவரிடம் மட்டும் பலிக்கவில்லை. அவர் அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துபவர். சமையலறை மேசைதான் அவருக்கு அலுவலகம். கல்யாணமான புதிதிலிருந்தே அக்காவுக்கான முற்பகல் டீயைக் கையில் ஏந்திக்கொண்டு புல்வெளியின் குறுக்கே நேராக நடந்துவிடுவார். "உன் வழியில வந்தா டீ ஆறிப்போவுது. பிழை இருந்துச்சு, காலால திருத்திட்டேன்." அக்கா கயிறு கட்டினார். முள்செடித் தொட்டி வைத்தார். ஒரு மாதம் பேசாமலும் இருந்து பார்த்தார். மனிதர் மசியவில்லை. தொட்டியைத் தாண்டிக் கால் வைத்தார். கடைசியில் புல்தான் தோற்றது. வெறும் மண்ணாக ஒரு தடம் விழுந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி அவருக்குத் தொடை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நடக்கத்தான் மாட்டேன் என்கிறார். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, கைத்தடியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார். "நடங்கன்னு டாக்டர் சொல்றாரு. எங்க போறதுக்கு?" என்று என்னைக் கேட்டார். தடத்திலும் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, வீட்டையும் அலுவலகத்தையும் மரபுச் சின்னமாக அறிவிக்கப்போவதாகத் தகவல் வந்தது. தோட்டம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவாகும். பிறகு ஒரு செடியை நகர்த்தக்கூட அனுமதி இல்லை. "தடம் மறைஞ்சுதுன்னா மறைஞ்சதுதான் தம்பி. அப்புறம் அவரு எந்திரிக்கவே மாட்டாரு" என்றார் அக்கா. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த விடிகாலை மிதி. கணவருக்கு ஏகக் கொண்டாட்டம். "ஏய் தோட்டக்காரி, கல்லு மேல நட! புல்லு அழுவுது பாரு!" என்று நாற்காலியிலிருந்தே கத்துவார்.

நேற்று அதிகாரி வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றேன். அக்காவின் பழைய படத்தை விரித்துக் கல் பாதையைச் சரிபார்த்தவர், தடத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது படத்துல இல்லையேம்மா. புல்லப் பதிச்சு மூடிடலாமா?"

"அத நான் வரையல சார். ஆனா அது இல்லாம நான் எதையுமே வரையல."

அதிகாரி நல்ல மனிதர்தான். தலையைச் சொறிந்தார். "புழக்கத்துல இருந்தா ஒற்றையடிப் பாதைன்னு சேர்த்துக்கலாம். யாரு நடக்கறாங்க இதுல?"

'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா சொல்லவில்லை. சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்காலி கிறீச்சிட்டது. "நான் நடக்கறேன்யா!"

திரும்பினால், மனிதர் நிற்கிறார். ஒரு கையில் தடி. மறு கையில், தனக்கென்று அக்கா ஊற்றி வைத்திருந்த டீ. படியிறங்கி ஓரடி வைத்தார். இன்னோரடி. டீ தளும்பியது. ஓடப்போன என்னை அக்கா கை நீட்டித் தடுத்தார். பாதி வழியில் அவர் கால் நடுங்கி நின்றபோதுதான் அக்கா போனார். தடம் ஓர் ஆளுக்குத்தான் காணும். அதில் அவரை விட்டு, தோளை அணைத்துப் பிடித்து, தன் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி நடந்தார்.