நடுங்காத லென்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று தலையணையைத் தேடிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் எதை வாங்குவதென்றாலும் ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் யோசனை கேட்டுவிட்டு, கடைசியில் தன் மனசுக்குப் பட்டதைத்தான் வாங்குவார்.

“மாமா, ரெண்டு லென்ஸ் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு டூ பாயின்ட் எயிட். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்கலாம், ஆனா தூரம் போகாது. இன்னொண்ணு நல்லா தூரம் போகும், கை நடுங்கினாலும் படம் ஆடாது. எது வாங்கலாம்?”

“மொதல்ல சொன்னதையே வாங்குங்க மாப்ளே.”

“ஏன் மாமா?”

“வீட்டுக்குள்ள எடுக்கத் தோதா இருக்கும்.”

அது காரணமே இல்லை. தூக்கமும் போய்விட்டது. பீரோவைத் திறந்து மேல்தட்டில் பழைய போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். என் பழைய நீள லென்ஸ் கிடந்த தோல் பை அங்கேயேதான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் ஆம்பூர் நெருங்கும்போதே பஸ்ஸுக்குள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அது தோல் பதனிடும் டேனரி நாற்றம், அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தைத்து முடித்த புதுத் தோலின் வாசனை வேறு. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் மாதிரி மனசைக் கிளப்பிவிடும். பையின் ஜிப்பை இழுத்ததும் அந்த வாசனை இன்னமும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

சலீமுடைய மச்சான் தன் ஷூ கம்பெனியில் வெட்டிப்போட்ட துண்டுத் தோலில் தைத்துக் கொடுத்த பை அது. சலீம் என் தோஸ்த், ஸ்டூடியோவில் பார்ட்னர். பஜாரில் மாடி மேலே, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டு. கல்யாணம்தான் பிழைப்பு. மற்ற நாட்களில் கம்பெனி ஐடி கார்டுக்கு பாஸ்போர்ட் சைஸ். மாதனூர், அதைச் சுற்றின கிராமங்களிலிருந்து புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் கூட்டமாக வந்து உட்காருவார்கள். “சிரிக்காதம்மா, காது தெரியணும், நேரா பாரு” என்று அதட்டிக்கொண்டே இருப்பேன். என்னமோ கலெக்டர் மாதிரி. எடுத்து முடித்தால் எல்லாருமே சந்தேகக் கேஸில் பிடித்துவந்த மாதிரி இருப்பார்கள். அப்படி ஒருத்திதான் கஸ்தூரி. எடுத்த அடுத்த நிமிஷமே மறந்துபோனேன்.

எனக்குக் கல்யாணம் எடுப்பதில் இஷ்டமில்லை. பேப்பரில் என் படம் வரவேண்டும் என்று ஒரே வெறி. அவ்வப்போது ஒரு பத்திரிகையின் மாவட்டப் பக்கத்துக்குப் படம் அனுப்புவேன். பத்து அனுப்பினால் ஒன்று வரும், அதுவும் சாலையில் சாய்ந்த புளியமரமாக இருக்கும். போதாததற்கு என் கை லேசாக நடுங்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். டீக்கடையில் கிளாஸைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், ஃபிலிம் காலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், சலீமும் நானும் சென்னைக்குப் போனோம். கையில் இருந்ததற்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். கடைக்காரர் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டூ பாயின்ட் எயிட் குட்டையாக, தடியாக, வாய் அகலமாக உட்கார்ந்திருந்தது. மற்றது நீளம். பட்டனைப் பாதி அமுக்கினால் உள்ளே ஏதோ முனகும், ஆட்டம் நின்றுவிடும்.

“நம்ம பொழப்பு கல்யாணம்டா. கல்யாணம் பூரா இருட்டுலதான் நடக்குது,” என்றான் சலீம். “சர்ச்சுல ஃப்ளாஷ் அடிச்சா பாஸ்டர் மொறைக்கிறாரு. எங்க ஆளுங்க நிக்காஹ் ஹாலப் பாத்திருக்கியே, ஒரு டியூப் லைட்டு எரிஞ்சா ரெண்டு எரியாது. இந்த குட்டையன வாங்கு. கிட்டப் போயி நின்னு எடு.”

நான் நீள லென்ஸைக் கேமராவில் மாட்டி வாசலுக்குப் போனேன். எதிர் மாடியில் ஒரு ஆள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பட்டனை அமுக்கினேன். அவர் சட்டையில் விட்டுப்போன பட்டன்கூடத் தெரிந்தது. ஆடவில்லை. என் கையிலிருந்து ஆடாத ஒரு உருவத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கிறங்கடித்தது என்று இப்போது தோன்றுகிறது. யாரிடமும் போய் நிற்கவேண்டாம், யாருடைய முறைப்பையும் வாங்கவேண்டாம், இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சலீமிடம் மட்டும் தொழில் பேசினேன். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே என்றேன், கம்பெனி ஆண்டு விழா என்றேன். எல்லாம் சால்ஜாப்பு. அவனுக்கும் தெரியும்.

“சும்மா பேஜார் பண்ணாத. உன் இஷ்டம், வாங்கித் தொல,” என்றான். திரும்பி வரும்போது ஆற்காடு வந்ததும் இறங்கி எனக்கு மக்கன் பேடா வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான்.

அந்த வருஷம் மயானக் கொள்ளைக்கு வேலூர் போனேன். பாலாற்று மணலில் சிவராத்திரிக்கு மறுநாள் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். அங்காளம்மன் தேர், காளி வேஷம், பம்பைச் சத்தம், சூறை விடுகிற கொழுக்கட்டைக்கும் சுண்டலுக்கும் தள்ளுமுள்ளு. மற்ற போட்டோக்காரர்கள் எல்லாம் கூட்டத்துக்குள் புகுந்து காளியின் மூக்குக்கு நேராக நின்றார்கள். நான் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு லென்ஸை நீட்டினேன்.

மணலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவும் மகளும் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு காளி அவர்களைப் பார்த்து நாக்கை நீட்டி மிரட்டிவிட்டுப் போனது. காளி முதுகைத் திருப்பியதும் அந்தம்மாவும் பதிலுக்கு நாக்கை நீட்டினாள். மகள் அடக்கமாட்டாமல் அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அம்மா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து, கண் இடுங்கி, கையில் இருந்த சுண்டல் மணலில் சிதற. அமுக்கினேன். அந்திவெளிச்சம். என் கை நடுங்கியிருக்கும். படம் நடுங்கவில்லை.

மறுநாள் மாவட்டப் பக்கத்தின் உச்சியில் கால் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். ‘மயானக் கொள்ளை விழாவில் மகிழ்ச்சி வெள்ளத்தில் பெண்கள்.’ நான் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஜாரில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் சலாம் போட்டேன்.

அந்த வாரமே சலீமுடைய மச்சான் ஸ்டூடியோவுக்கு வந்தார். உட்காராமலே பேசினார்.

“அந்த ஃபோட்டோ நீ எடுத்ததா? அந்தப் பொண்ணு எங்க கம்பெனி, ஸ்டிச்சிங்ல கீது. கஸ்தூரின்னு பேரு, மாதனூரு. ஷிப்மென்ட் டைம், யாருக்கும் லீவு கெடையாது. அம்மாவுக்கு சீரியஸ், வேலூர் ஆஸ்பத்திரில சேத்துட்டோம்னு சொல்லிட்டுப் போய்ட்ச்சி. சூப்பர்வைசர் அம்மா பக்தியான மனுஷி. லைனையே நிறுத்தி, எல்லாரையும் நிக்க வச்சி அவங்க அம்மாவுக்காக ஜெபம் பண்ணாங்க. கண்ணுல தண்ணி வந்துட்ச்சி அவங்களுக்கு. மறுநாளு பேப்பர்ல பாத்தா அம்மாவும் பொண்ணும் சுண்டல் துன்னுகினு சிரிக்கறாங்க.”

கஸ்தூரியின் அம்மாவைக் கம்பெனியில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். காலையில் கம்பெனி பஸ் வரும் இடத்துக்குத் தூக்குச் சட்டியோடு ஓடிவருகிறவள். வேலூர்தான் அவளுக்குப் பிறந்த ஊர், மயானக் கொள்ளைக்குப் போகாமல் இருந்ததே இல்லையாம். பேப்பரை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். கஸ்தூரியை மறுநாள் கேட்டுக்குள் விடவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐயோ, நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது. குட்டை லென்ஸாக இருந்திருந்தால் அவர்களுக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றிருப்பேன். கேமராவைப் பார்த்ததும், “அண்ணே, வேணாம்ணே, லீவு போட்டுட்டு வந்துகீறேன்,” என்று அவள் கையால் மறைத்திருப்பாள். நானும் வேறு பக்கம் திரும்பியிருப்பேன். பாலத்திலிருந்தே எடுத்திருந்தாலும் கூட்டத்தில் இரண்டு புள்ளியாகப் போயிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் அந்த ஃபிலிம் ரோலை எடுத்து, அம்மாவும் மகளும் இருந்த துண்டைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டிக் குப்பையில் போட்டேன். பெரிய தியாகி மாதிரி ஒரு முகம் வேறு.

சலீம் பார்த்துக்கொண்டே இருந்தான். “நெகட்டிவ இன்னாத்துக்குடா வெட்டற? அது இன்னா பாவம் பண்ணுச்சி? மாதனூரு பஸ்ஸு இங்கதான நிக்குது. ஒரு நட போயி அந்தப் பொண்ணப் பாத்துட்டு வா. சூப்பர்வைசர் அம்மாவையும் பாத்து நாலு வார்த்த பேசு.”

போகிறேன் என்றேன். போகவில்லை. முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன், அப்புறம் கல்யாண சீசன் வந்துவிட்டது. நெகட்டிவை வெட்டியதிலேயே கணக்குத் தீர்ந்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. நீள லென்ஸையும் தொடவில்லை. சலீம்தான் கேமராவோடு வந்த பழைய லென்ஸை வைத்துக்கொண்டு இருட்டு ஹால்களில் மல்லுக்கட்டினான். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை.

சில வருஷம் கழித்து, நாங்களும் கம்ப்யூட்டர் வாங்கி டிஜிட்டலுக்கு மாறின பிறகு, ஒரு காலையில் கஸ்தூரி மாடி ஏறி வந்தாள். வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் கையால் தைத்துக் கொடுக்கிறாளாம், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது.

“அண்ணே, அம்மா போய்ட்டாங்க. காரியத்துக்குப் படம் வைக்கணும். ஊட்டுல ஒரு படமும் இல்ல. நீங்க ஆத்துல எடுத்தீங்களே, அதுல அம்மாவ மட்டும் பெருசு பண்ணித் தர்றீங்களா? பேப்பர்ல வந்தத அன்னிக்கே கோவத்துல அடுப்புல போட்டுட்டேன்.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். திட்டியிருக்கலாம்.

“நெகட்டிவ் மழையில நனைஞ்சி வீணாப் போச்சும்மா,” என்றேன். அப்படியே கூசாமல் சொன்னேன். சலீம் எழுந்து வெளியே போய்விட்டான்.

“பரவால்லண்ணே, மழைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க,” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அன்னிக்கு அம்மாவ வச்சிப் பொய் சொன்னேன்ல அண்ணே. சீரியஸ்னு என் வாயாலயே சொன்னேன். அதான் பலிச்சிட்ச்சி,” என்றாள். அவள் எங்கோ ஒரு பொய்யைத் தூக்கிச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள், நான் ஒன்றை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பொய்யை ஒப்புக்கொண்டால் அவளுடையது கொஞ்சம் இறங்கியிருக்குமோ என்னவோ. நான், “வேற ஏதாவது படம் இருக்கா?” என்றேன்.

வோட்டர் ஐடி கொண்டுவந்திருந்தாள். அதில் அந்தம்மா வாயை இறுக மூடி, கறுத்து, யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் பெரிசாக்கினேன்.

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி மாத்த முடியாதாண்ணே? இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களே.”

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த உதட்டோரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், மனசுக்குள் அப்படியே நிற்கிறது, ஆனால் கைக்கு வரவில்லை. கஸ்தூரி திரையை எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது யாரோண்ணே,” என்றாள். “மொறைக்கறதே குடுங்க.”

ஸ்டூடியோ இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. சலீம் பிள்ளைகளோடு துபாய் போய்விட்டான். ஃபிலிம் கழுவுகிற லேப் வேலூரில்கூட ஒன்றும் இல்லை. மாதனூரில் ஒரு வீட்டுச் சுவரில் அந்தம்மா மாலை போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பாள், பேரப் பிள்ளைகள் பாட்டி ரொம்பக் கோபக்காரி என்று நினைத்துக்கொண்டு வளரும்.