சுடலைமுத்து அண்ணாச்சி பார்த்துக் கொடுத்த எருமை

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்ட செய்தி எனக்கு லேப்டாப் கடையில் வைத்துத்தான் கிடைத்தது. போன் போட்டதும் நான்தான். தென்காசியில் பிரபுவின் கடையில் என் சின்ன மகள் நித்யாவோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் கல்லூரியில் சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது. மேசையில் மூன்று லேப்டாப்புகளைத் திறந்து வைத்திருந்தார்கள். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தன. அண்ணாச்சியை நாளைக்கு ஒரு எட்டு வந்து இவற்றைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று அவருடைய எண்ணை அழுத்தினேன். எடுத்தது மதினி, அவர் மனைவி.

"அவுக காலையில காப்பியக் குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தாக தம்பி. அப்படியே போயிட்டாக. இப்பத்தான் ஒங்க வீட்டுக்கு ஆளு விட்டிருக்கோம்" என்றார்.

என் இடது உள்ளங்கை அப்போது ஒரு லேப்டாப்பின் அடிவயிற்றில் இருந்தது. கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மேலகரத்துக்காரர்களாகிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலை நிமித்தம் ஊரைவிட்டுப் போய், போனில் நம் ஊருக்கென்று இருக்கும் இந்தக் குழுவில் மட்டும் நம்மோடு இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ராயகிரி. புளியங்குடியிலிருந்து செங்கோட்டை வரை அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத மாடுகள் குறைவு. அவருக்கென்று லேப்டாப் கிடையாது. அதை எப்படி அணைப்பது என்பதுகூடக் கடைசி வரை அவருக்குத் தெரியாது. மூடி வைத்துவிட்டு, "தூங்கட்டும்" என்பார். ஆனாலும் நம் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்கு லேப்டாப் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். தங்கை மகனுக்கு ஒன்று பார்த்துக் கொடுத்து, அது ஏழு வருஷம் நோய் நொடி இல்லாமல் ஓடியதில் வந்த பேர் அது.

அவர் பார்த்த விதம் மாடு பார்க்கிற விதம். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. முதலில் லேப்டாப்பை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடி, "முட்டி சரியா இருக்கு" என்பார். பக்கவாட்டில் உள்ள துளைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். பல் பார்க்கிறாராம். பிறகு அரை மணி நேரம் அதில் படம் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடியில் கை வைப்பார். "வயித்துல சூடு இருந்தா உள்ள சீக்கு இருக்கு தம்பி. மூஞ்சி எம்புட்டு அழகா இருந்தா என்ன?" என்பார். கடைசியாகக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: "கெட்டுப்போனா எங்கன கொண்டு போவணும்?" மதுரைக்கு அனுப்ப வேண்டும், சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தால் எழுந்துவிடுவார். "பக்கத்துல வைத்தியம் இல்லாத மாட்ட வீட்ல கட்டக் கூடாது" என்பது அவர் கட்சி.

என் மூத்தவள் காவ்யாவுக்குக் கோயம்புத்தூரில் கணினி அறிவியலில் இடம் கிடைத்தபோது நானும் அவரைத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிற எனக்கு அந்த வருஷம் ஒரு லேப்டாப் வாங்கத்தான் வழி இருந்தது. நாலு வருஷப் படிப்புக்கும் அது ஒன்றுதான். நடுவில் படுத்துவிட்டால் இன்னொன்று கிடையாது என்று காவ்யாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவளோ கடைக்குள் நுழைந்ததுமே வெள்ளி நிறத்தில், தட்டை மாதிரி மெல்லியதாக இருந்த ஒன்றின் மேல் கண்ணை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

அண்ணாச்சி அதைச் சுற்றி வந்து பார்த்தார். "சார்ஜ் எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று கேட்டார். பிரபு கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம். "எட்டு மணி நேரம் நிக்கும் அண்ணாச்சி" என்றார் உற்சாகமாக. அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். சந்தைக்குக் கொண்டுவரும் மாட்டை ரெண்டு வேளை கறக்காமல் மடியைப் பெருக்கவைத்துக் கூட்டிவருவது ஒரு தந்திரமாம். அதனால் கண் முன்னால் கறந்து பார்க்காமல் விவரமானவன் யாரும் பணம் கொடுக்க மாட்டானாம். "இவன் சொல்லுத எட்டு மணி நேரம் மடியில தெரியுத பாலு. கறந்து பாத்துருவோம்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் காலை பத்து மணிக்கு அந்தக் கடையில் உட்கார்ந்தோம். வெள்ளி லேப்டாப்பையும், பக்கத்தில் ஏதோ அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்து புது பேட்டரி போட்டு விற்பனைக்கு இருந்த தடித்த கறுப்பு லேப்டாப்பையும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓடவிட்டார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். பிரபு இரண்டு தடவை டீ வாங்கித் தந்தார். மூன்றாவது தடவை வாங்கித் தரவில்லை. மதியம் அண்ணாச்சி சாப்பிடப் போகும்போது என் காதில், "நீங்க அசையாதீங்க. நாம அந்தப் பக்கம் திரும்புனா ஒயரச் சொருவிருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரபுவுக்கு அது நன்றாகவே கேட்டது. வெள்ளி லேப்டாப் பகல் ஒரு மணிக்குள் கண்ணை மூடியது. அதன் அடிப்பக்கம் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லாக இருந்தது. கறுப்பு லேப்டாப் மூன்றரை மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. "கெட்டுப்போனா?" என்று கேட்டதற்கு, "இது பழைய மாடல் அண்ணாச்சி. எல்லா பார்ட்டும் இங்கனயே கெடக்கு, நானே மாத்திருவேன்" என்றார் பிரபு. முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் தென்காசியில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிரபுவின் வலது கையில் போர்த்தினார். அதற்கு அடியில் தன் கையை விட்டு அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினார். பிரபுவின் முகம் வெளிறிவிட்டது. "சார், அண்ணாச்சிக்கு என்னமும் செய்யுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"நீரு விரலப் பிடியும் வே. பக்கத்துல ஆளு நிக்கையில வாய விட்டா வெல பேசுவாக?" என்று அதட்டினார் அண்ணாச்சி.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான். சுற்றி நிற்கும் தரகர்களுக்கு விலை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். எங்களைச் சுற்றி அப்போது நின்றவர், போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு வயதான அம்மா மட்டுமே. பிரபு பயத்தில் ஏதோ ஒரு விரலை அழுத்தினார். "முடிஞ்சுது!" என்று துண்டை உதறினார் அண்ணாச்சி. என்ன முடிந்தது என்று பிரபுவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் பில்லில் எழுதியது முதலில் சொன்ன விலையைவிட நன்றாகவே குறைந்திருந்தது. ஆளை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது என்று பிரபு பின்னால் ஒத்துக்கொண்டார்.

காவ்யா வீட்டுக்கு வந்து அழுதாள். அந்தக் கறுப்பு லேப்டாப்புக்கு 'எருமை' என்று பேர் வைத்தாள். விடுதியில் எல்லோரும் அழகான லேப்டாப்பைத் திறக்கும்போது, தான் எருமையை ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டுமா என்று கேட்டாள். மகள் அழுததில் எனக்கும் புத்தி கெட்டது. மறுநாள் டீக்கடையில் நண்பர்களிடம், "மாட்டுக்கு ஊசி போடுதவருக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்? அவரக் கூட்டிட்டுப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன். நண்பர்கள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி டீ கிளாஸோடு என் பின்னால் நின்றிருந்தார்.

"சரிதான் தம்பி" என்றார். மீதி டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால் சிரிப்பார், பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்பார். ஆனால் என் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது வந்து காப்பி குடித்தவர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவரைக் கண்டதும் மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசிவிட்டு வந்துவிடுவேன். இப்படி மூன்று வருஷத்துக்கும் மேல் ஓட்டினேன் என்றால் என் லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காவ்யா கடைசி வருஷம் படிக்கும்போது, சீசனுக்குக் குற்றாலம் பார்க்கத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்கு வராமல் நேரே ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். எருமை இருந்த பையிலேயே ஒரு முறுக்குப் பொட்டலமும் இருந்திருக்கிறது. அங்கே ஒரு குரங்கு ஆட்டோவுக்குள் கை விட்டுப் பையோடு மதில் மேல் ஏறிவிட்டது. முறுக்கை வைத்துக்கொண்டு, தின்ன முடியாததைக் கீழே போட்டுவிட்டது. திரை சுக்குநூறு. கடைசி வருஷப் புராஜெக்டின் முதல் கட்டம் முழுவதும் அதற்குள். இரண்டு நாளில் சமர்ப்பிக்க வேண்டும். வேறு எங்கும் ஒரு நகல் இல்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஆய்வு நாள், நகர முடியாது. காவ்யா போனில் அழுகிறாள். வெட்கத்தை விட்டு அண்ணாச்சிக்கு போன் செய்தேன். "அண்ணாச்சி, எருமை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எருமையா? யார் வீட்டு எருமை? கன்னு போடுதா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். பேர் வைத்த விஷயத்தையும் சேர்த்து. அவர் வெடித்துச் சிரித்தார். "எருமப் பாலுலதான் வே கொழுப்பு ஜாஸ்தி. நான் போறேன், நீங்க வேலயப் பாருங்க" என்றார்.

சாரலில் தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருக்கிறார். உடைந்த லேப்டாப்பின் மேல் கை வைத்து, உள்ளே காற்றாடி சுற்றுவதைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, அழாத. கொம்புதான் ஒடிஞ்சிருக்கு, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றாராம். தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி லேப்டாப்புக்குச் சுற்றி, காவ்யாவைப் பின்னால் உட்காரவைத்துத் தென்காசிக்கு ஓட்டியிருக்கிறார். பிரபு கடையில் அதே மாதிரி நாலு எருமைகள் கிடந்தன. ஒன்றின் திரையைக் கழற்றி இதில் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. புராஜெக்ட் பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணாச்சி சொட்டச் சொட்ட நனைந்து என் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லிக் காவ்யா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் துண்டு எடுத்துவந்தேன். "அண்ணாச்சி, அன்னைக்கு டீக்கடையில நான்..." என்றேன்.

"தம்பி, காப்பி போடச் சொல்லுங்க. குளுருது" என்றார்.

உள்ளே வந்தார், காப்பி குடித்தார். பேச்சு குரங்கின் மேல் போய்விட்டது. இன்னொரு நாள் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காவ்யா இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அலுவலகத்தில் புத்தம் புதிய லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். எருமையைத் தங்கைக்குக் கொடு என்று கேட்டதற்கு, "அதை மட்டும் கேக்காதீங்கப்பா" என்றுவிட்டாள். அதனால்தான் நித்யாவைக் கூட்டிக்கொண்டு நான் மறுபடி அந்தக் கடைப் படி ஏற வேண்டி வந்தது.

அன்று கடையிலிருந்து நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் ஒதுங்கி நின்று அவர் கையின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர்கள் நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்திருப்பார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுபடி கடைக்குப் போனோம். பிரபு மூன்று நாற்காலிகளைப் போட்டார். இரண்டு லேப்டாப்புகளின் சார்ஜரை அவரே பிடுங்கினார். "உக்காருங்க சார். அண்ணாச்சி மொறப்படியே பாத்துருவோம்" என்று தானும் எங்களோடு உட்கார்ந்தார். நான் இரண்டின் அடியிலும் கை வைத்துப் பார்த்தேன். கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவது என்று கேட்டேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று தங்கியிருப்பது அந்தக் கேள்வியும், இந்த உள்ளங்கையும், நேரத்தில் சொல்லாமல் போன ஒரு மன்னிப்பும்தான்.

மாலையில் ஒரு லேப்டாப் தேறியது. விலை என்ன என்று கேட்டேன். பிரபு மேசையில் கிடந்த திரை துடைக்கிற துணியை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு என் பக்கம் நீட்டினார். நானும் துணிக்கு அடியில் கையை விட்டேன். எந்த விரலுக்கு எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.