பெரியம்மாவின் சிவப்பு முடி

ஜெயஷீலாவை அடக்கம் பண்ணிய அன்று, குளத்தூரில் துட்டி கேட்க வந்த பெண்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். பெட்டிக்குள் கிடந்தவள் பெட்டியின் தலைமாட்டிலும் நின்றுகொண்டிருந்தாள். அதே அடர்ந்த சுருட்டை முடி, அதே அகல நெற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற அதே நிலை. இரட்டைப் பிள்ளைகள் என்று தெரிந்தவர்களுக்கே சுதாரிக்கச் சற்று நேரம் பிடித்தது. தெரியாத ஒருத்தி, தலைமாட்டில் நின்ற அஞ்சலினின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போயிட்டேன்னுல்லா சொன்னாவ" என்று அழுதாள். அஞ்சலின் கையை உருவிக்கொள்ளாமல் நின்றாள்.

சில நிமிடங்கள் முந்திப் பிறந்ததால் அஞ்சலின்தான் அக்கா. கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அவளுக்குப் பேசி வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபின், மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். தங்கச்சி ஜெயஷீலா குளத்தூரில் உப்பு லாரி ஓட்டும் கிங்ஸ்டனைக் கட்டிக்கொண்டு, டெல்னா என்று ஒரு பெண் பிள்ளையோடு இருந்தாள். சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். "ஏட்டி அஞ்சு, என்ன பொங்குன?" என்று ஆரம்பிப்பாள். அஞ்சலினை ஏட்டி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். தவக்காலத்தில் ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறதென்று உட்கார்ந்தாள். தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டெல்னாவுக்கு அப்போது நாலு வயது முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. சாவின் கூட்டத்தில் அவளை யாரோ பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அஞ்சலின் பிள்ளையைப் பார்க்கப் போனபோது, தெருமுனையில் அந்தச் சுருட்டை முடியைக் கண்டதுமே டெல்னா, "அம்மா வந்துட்டா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. பெரியம்மாடா, பெரியம்மா என்று கிங்ஸ்டனின் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிள்ளை காதில் அது ஏறவில்லை. சாயங்காலம் அஞ்சலின் கிளம்பியபோது சேலையைப் பிடித்து இழுத்து, தரையில் விழுந்து புரண்டது. இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் இப்படியே நடந்தது. இரண்டாவது தடவை அவள் திரும்பிய பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்ததாம்.

கிங்ஸ்டன் போன் செய்தான். சுற்றி வளைத்து, லாரி ரிப்பேர், மழை இல்லை என்று என்னவெல்லாமோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னான்.

"மதினி, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு இங்கன வராதீங்க. உங்களைப் பாக்கும்போதெல்லாம் அவ அம்மா மறுபடி மறுபடி போறா."

அதில் அஞ்சலினுக்கு மறுக்க எதுவுமில்லை. சரி தம்பி என்று வைத்துவிட்டாள்.

கோடை முழுக்க அவள் எங்கும் போகவில்லை. லேபுக்குப் போவாள், வருவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூசை பார்ப்பாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போவதைக் கூட நிறுத்திக்கொண்டாள். குளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது அங்கே நிற்பார்கள். அவளைக் கண்டதும் முகம் வெளிறும், பிறகு கண் கலங்கும், பிறகு ஜெயஷீலாவைப் பற்றிப் பேசுவார்கள். அவளிடம் அவளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. செத்தவளுக்கு ஊர் முழுக்க அழ ஆள் இருந்தது. இருக்கிறவளைப் பார்த்தால் செத்தவள் ஞாபகம் மட்டும்தான் வந்தது.

அந்த முடிதான் காரணம் என்று அவளுக்கு ஒருநாள் தோன்றியது. முகம் கிட்டே வந்தால்தான் தெரியும், முடி தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. வெட்டிவிடலாமா என்று யோசித்தாள். வெட்டிய தலையைக் கண்டு பிள்ளை பயந்துவிடக்கூடாது. பிள்ளை பார்த்ததும், இது வேறு ஆள் என்று அதற்கே பட வேண்டும்.

லேபிலிருந்து வருகிற வழியில் செல்வமாரி என்கிற பெண் வைத்திருந்த பியூட்டி பார்லர் இருந்தது. அஞ்சலின் அதுவரை அந்தப் படி ஏறியதில்லை. தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் தவிர வேறெதுவும் அந்தத் தலை கண்டதில்லை. வண்ண அட்டையைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் மிளகாய் வத்தல் மாதிரிச் சிவந்திருந்த ஒன்றில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது காலேஜ் புள்ளைய கேக்குத கலரு," என்றாள் செல்வமாரி. "லேசா பிரவுன் போடுவோம். பாக்கதுக்கு லட்சணமா இருக்கும்."

"வெளிச்சத்துல மட்டும் தெரியுத கலரு வேண்டாம். தூரத்துல நின்னாலும் தெரியணும்."

செல்வமாரி அதற்குமேல் கேட்கவில்லை. இவ்வளவு கறுத்த முடியில் சாயம் நேரே பிடிக்காது, முதலில் வெளுக்க வேண்டும், கொஞ்சம் எரியும் என்றாள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மருந்தைக் குழைத்துத் தடவினாள். நெடி மூக்கைத் துளைத்தது. உச்சந்தலை எரிந்தது. அஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டு, டெல்னா தன்னைப் பார்த்ததும் என்ன செய்வாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அலசித் துடைத்துவிட்டு, பாருங்க அக்கா என்றபோது கண்ணைத் திறந்தாள். முடி முழுக்கக் காய்ந்த சோளத்தட்டை நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடியில் இருந்தது யாரோ. ஜெயஷீலா இல்லை. அடக்கத்தன்று மண் அள்ளிப் போட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. இத்தனை மாதமும் தலை வாரும்போதெல்லாம் தங்கச்சி எதிரே வந்து நின்றிருக்கிறாள். அவளைத் தன் கையாலேயே அனுப்பிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. மருந்து கண்ணில் பட்டுவிட்டதோ என்று செல்வமாரி பதறி, ஈரத்துண்டால் ஒற்றினாள். எரிச்சல்தான் என்றாள் அஞ்சலின். பிறகு சிவப்பைப் பூசச் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். டாக்டர், இனிமேல் தொப்பி போட்டுக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்லி அனுப்பினார். கோயிலில் ஒரு அம்மாள், இந்த வயசில் என்ன வந்தது என்று காதுபடவே கேட்டாள். வீட்டுக்காரம்மாள் ஏதும் நேர்ச்சையா என்று மெல்ல விசாரித்தாள். அஞ்சலின் எல்லாருக்கும், சும்மாதான் என்று ஒரே பதிலைச் சொன்னாள்.

கல்லறைத் திருநாளன்று குளத்தூர் போனாள். பஸ் ஸ்டாண்டில் ஜெயஷீலாவின் அடுத்த வீட்டுக்காரி தங்கம் நின்றிருந்தாள். அஞ்சலினின் தலையை முறைத்துப் பார்த்துவிட்டு, யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் வேண்டுமென்று சாயம் பூசியவள், அது நடந்தபோது தங்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மழை பெய்து கரிசல் ஊறிக் கிடந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் செருப்பில் அப்பிய மண்ணை உதற முடியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே கிங்ஸ்டன் நிமிர்ந்து பார்த்தான். யாரென்று பிடிபடாமல் பார்த்து, பிறகு எழுந்து நின்றான். எதற்காக இந்தச் சிவப்பு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதினி என்று மட்டும் சொன்னான்.

டெல்னா அவன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா, இவிய யாரு?"

அஞ்சலின் ஈர மண்ணில் முட்டி போட்டாள். "பெரியம்மாட்டி. அம்மாவுக்கு அக்கா."

பிள்ளை முகத்தையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தது. முகத்தில் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், புருவத்தைச் சுருக்கியது. பிறகு கையை நீட்டி ஒரு சுருளை இழுத்துவிட்டு, அது திரும்பச் சுருண்டு போவதைப் பார்த்தது.

"எங்க அம்மாக்கும் இப்படி இருக்கும். ஆனா கருப்பு," என்றது.

"ஆமா. அவளுக்குக் கருப்பு."

டெல்னா கல்லறையைக் காட்டி, அம்மா அங்கே இருக்கிறாள் என்று புதிதாக வந்தவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். ஒரு மெழுகுவர்த்தியையும் எடுத்துக் கொடுத்தாள். அன்று மதியம் அஞ்சலின் கையால் சோறு சாப்பிட்டாள். சாயங்காலம் பஸ் வந்தபோது அப்பா இடுப்பிலிருந்து டாட்டா காட்டினாள். அழவில்லை. பஸ் நகர்வதற்கு முன்பே, கடையில் தொங்கிய பலூன் பக்கம் திரும்பிவிட்டாள்.

அதற்கப்புறம் வரப்போக இருக்கிறாள் அஞ்சலின். டெல்னா இப்போது ஒன்றாம் வகுப்பு. பெரியம்மா வந்தால் சந்தோஷம், போனால் பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் கறுப்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் செல்வமாரியிடம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இன்னும் எதற்கக்கா, பிள்ளை பழகிட்டுல்லா என்று செல்வமாரி ஒருநாள் கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அஞ்சலின், அடியில் ஜெயஷீலாவின் கறுப்பு தெரிந்த கண்ணாடியைப் பார்க்காமல் மடியிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு, பூசு என்றாள்.